பிறர் தோப்பின் நிழலில்: குனா யாலா தீவுகளில் நங்கூர நாட்கள்

பிப்ரவரி 17, கிழக்கு ஹோலண்டேஸ்

பனாமாவின் கரீபியன் கரையை ஒட்டி, கொலம்பிய எல்லை வரை நீண்டு கிடக்கும் குனா யாலா தீவுக்கூட்டத்தின் வெளிவரிசைக்கு இன்று நண்பகலில் வந்து சேர்ந்தோம். தீவுகள் ஏறக்குறைய 365 என்று சொல்கிறார்கள். அவற்றுள் மக்கள் ஊராகக் கூடி வாழ்பவை ஐம்பதுக்குள் அடங்கும், மற்றவை தென்னந்தோப்புகளும் மணல்திட்டுகளுமே. நேற்று எல் போர்வெனீர் என்ற சிறு தீவில் பதிவு வேலைகளை முடித்து, பனாமா அரசுக்குரிய கட்டணத்தையும் இத்தீவுகளின் பழங்குடிகளான குனா மக்களின் பேரவைக்குரிய கட்டணத்தையும் தனித்தனியே செலுத்தினோம். இரண்டு ரசீதுகளும் இப்போது வரைபட மேசைக்கு மேல் ஒட்டப்பட்டுள்ளன.

படகு என் பழைய கப்பலில் தலைமைப் பொறியாளராக இருந்தவருடையது. வயதில் மூத்தவர் என்பதால் அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை அண்ணி என்றும் அழைத்துப் பழகிவிட்டேன். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாய்மரப் படகு; அடிப்பகுதி நீருக்குள் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். பவளப்பார்களுக்கு, அதாவது நீருக்கடியில் கிடக்கும் பவளத் திட்டுகளுக்கு, நடுவே புகும்போது எங்கள் மூவரின் மனத்திலும் ஓடிக்கொண்டிருந்தது அந்த இரண்டு மீட்டர்தான். இங்கே மின்னணு வரைபடங்கள் பல இடங்களில் பாரை அது இருக்கும் இடத்தில் காட்டுவதில்லை. எனவே கண்ணால் பார்த்தே செல்ல வேண்டும். காலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் வெயில் முகத்தில் அடித்து நீரின் நிறம் தெரியாமல் போகும் என்பதால், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தைக் கணக்கிட்டே போர்வெனீரிலிருந்து புறப்பட்டிருந்தோம். கருநீலம் என்றால் ஆழம், பளிங்குப் பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பார். அண்ணி படகின் முன்முனையான அணியத்தில் நின்று கையை இடமும் வலமும் நீட்ட, அண்ணன் சுக்கானைத் திருப்பினார். பேச்சே இல்லை.

நங்கூரத்தை ஐந்து மீட்டர் ஆழத்தில் வெண்மணலில் இறக்கினோம். நீரின் ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது வழக்கம். எங்களுக்கு அது முப்பத்தைந்து மீட்டர் ஆயிற்று. பிறகு எஞ்சினைப் பின்னோக்கி மெல்ல ஓட்டி, நங்கூரத்தின் கூர்முனையான கொழு மணலில் புதைந்து சங்கிலி விறைக்கும்வரை இழுத்தோம். கண்ணாடி அணிந்து நீந்திச் சென்று, அது புதைந்திருப்பதை நேரில் பார்த்த பிறகுதான் தேநீர்.

ஒரு செய்தியை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். போர்வெனீர் வடக்கே 9 பாகை 33 கலையிலும் மேற்கே 78 பாகை 57 கலையிலும் இருக்கிறது. மேற்கு என்பதைக் கிழக்கு என்று மாற்றிப் படித்தால், விரல் ராமநாதபுரம் கரையில் தேவிபட்டினத்துக்கு அருகே போய் நிற்கும். கடிகாரம் ஊருக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடினாலும், வெயில் விழும் கோணமும் இருட்டும் நேரமும் ஊரில் போலவே இருப்பதற்கு அதுவே காரணம்.

பிப்ரவரி 18, அதே இடம்

இன்று எங்கும் போகவில்லை. நாளையும் போவதாக இல்லை.

எங்களுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒரு நீண்ட பார் கிடக்கிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் வாணிபக் காற்று எழுப்பும் அலைகள் முழுவதும் அந்தப் பாரில் மோதி வெள்ளையாக உடைகின்றன. அந்த முழக்கம் இரவும் பகலும் கேட்கிறது. காற்று மட்டும் பாரைத் தாண்டி வந்து சேர்கிறது, அலை வருவதில்லை. படகின் அணியம் எப்போதும் காற்றை நோக்கி நிற்பதால் தலைப்பக்கத் திறப்பு வழியே அறைகளுக்குள் தென்றல் புகுந்துகொண்டே இருக்கும். வெப்பமண்டலத்தில் துறைமுக மேடையில் கட்டிய படகில் கிடைக்காத சுகம் இது, கொசுவும் இல்லை. பனாமா நிலஇடுக்கின் பசிபிக் கரையில் ஓதம் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். எண்பது கிலோமீட்டர் தள்ளி இந்தப் பக்கம் முழங்கால் உயரம்கூட மாறுவதில்லை. ஆகவே இறக்கிய சங்கிலியைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. கயிற்றில் கட்டிய கன்றுபோலப் படகு ஒரு வளைவுக்குள் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருக்கிறது.

சும்மா இருப்பதற்கும் ஒரு நாள் ஒழுங்கு தேவைப்படுகிறது. காலையில் அண்ணன் முதலில் பார்ப்பது கரையில் குறித்து வைத்த இரண்டு மரங்களை. அவை ஒன்றன் பின் ஒன்றாக நேற்று நின்றபடியே நின்றால் நங்கூரம் நகரவில்லை என்று பொருள். அடுத்தது மின்கலத்தின் அளவு. கூரையில் உள்ள சூரியப் பலகைகள் பத்து மணிக்கு மேல் நன்றாகக் கொடுக்கத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியை ஓட்டுவோம். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் நீரைச் சவ்வின் வழியே தள்ள வேண்டியிருப்பதால், படகில் மின்சாரத்தை அதிகம் விழுங்குவது அதுவே. பாத்திரத்தை முதலில் கடல்நீரிலும் கடைசி அலசலை மட்டும் நன்னீரிலும் கழுவுகிறோம். நீச்சல் முடித்து வந்தால் ஒரு குவளை நன்னீர் போதும். ஊரில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை.

மதியத்துக்கு மேல் வாசிப்பு, தூக்கம், பாயின் ஓரத்தில் பிரிந்த தையலைச் சரிசெய்தல். ஐந்து மணிக்குப் பிறகு அண்ணி வானொலியைத் திறந்து, அக்கம்பக்கப் படகுகள் பேசிக்கொள்வதைக் கேட்பார். கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பதிக்குக் குளிர்பெட்டி பழுது. பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கூடுதல் வாயு உண்டு. இத்தகைய செய்திகள்.

பிப்ரவரி 19

எட்டு மணிக்குக் காய்கறிப் படகு வந்தது. பெருநிலத்திலிருந்து தக்காளி, வெங்காயம், அன்னாசி, பப்பாளி, முட்டை, கோழி ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு தீவு தீவாகச் சுற்றும் நீண்ட மரப்படகு அது. பின்புறத்தில் எஞ்சின், நடுவில் தார்ப்பாய்ப் பந்தல். பனாமாவில் புழங்குவது அமெரிக்க டாலர் என்பதால் கணக்குச் சிக்கல் இல்லை, ஆனால் ஐந்து டாலருக்கு மேற்பட்ட தாளுக்குச் சில்லறை கிடைப்பது அரிது. அண்ணி வாழைக்காயை அழுத்திப் பார்த்து வாங்கியதைக் கண்ட வியாபாரி, இவர் காய் தெரிந்தவர் என்பதுபோலச் சிரித்தார்.

தேங்காய் வாங்கும் பேச்சு வந்தபோதுதான் இந்தத் தீவுகளின் முதல் சட்டம் புரிந்தது. ஆளில்லாதது போலத் தோன்றும் தீவிலும் ஒவ்வொரு தென்னைக்கும் உடையவர் உண்டு. மணலில் விழுந்து கிடக்கும் காயும் அவருடையதே. எடுத்தால் அது திருட்டு. குனாக் குடும்பங்கள் முறை வைத்துச் சில மாதங்கள் தோப்புத் தீவில் குடிசை போட்டுத் தங்கி, காய்களைச் சேர்த்து, முறை முடிந்ததும் ஊர்த் தீவுக்குத் திரும்புகின்றன. கொலம்பியாவிலிருந்து வரும் வணிகப் படகுகள் அந்தத் தேங்காயை வாங்கிக்கொண்டு சர்க்கரை, துணி, பாத்திரம் ஆகியவற்றைக் கொடுத்துச் செல்வது தலைமுறைகளாக நடக்கிறது. நீண்ட காலம் தேங்காயே இங்கே காசாகவும் செலவாணியானது. இப்போது சுற்றுலாவும் மோலா என்ற தையல் வேலைப்பாட்டுத் துணியும் இறால் வகைகளும் வருமானம் தருகின்றன என்றாலும், தோப்பின் மீதுள்ள உரிமை தளரவில்லை. நம் கரையில் குத்தகைக்கு விட்ட தோப்புக்குள் நுழைந்து கீழே கிடந்த காயை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். விளங்காதவர்கள் பெரும்பாலும், காட்டுத் தீவு என்று எண்ணி வந்திறங்கும் ஐரோப்பியப் பயணிகள்தாம்.

தென்னையின் வழித்தடமும் சுவையானது. உலகின் தென்னைகளில் இரண்டு பெரும் மரபுகள் இருப்பதை 2011இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது: ஒன்று பசிபிக் மரபு, மற்றொன்று தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, இலட்சத்தீவு ஆகியவற்றை ஒட்டிய இந்தியப் பெருங்கடல் மரபு. வாஸ்கோ ட காமாவுக்குப் பிறகு போர்த்துகீசியர் இந்தியப் பெருங்கடலின் காய்களை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோக, அங்கிருந்து அவை அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் கரைகளில் ஊன்றப்பட்டன. பனாமாவின் பசிபிக் கரையில் பழைய தென்னைகள் மற்ற மரபைச் சேர்ந்தவை. இந்தக் கரையில் நிற்பவை பெரும்பாலும் நம் பக்கத்து உறவுகள். உறவு என்பதற்காக இலவசமாக எடுத்துவிட முடியாது. தோப்புக் குடும்பத்திடம் ஒரு காய் ஒரு டாலர் வீதம் நான்கு வாங்கினோம்.

மாலையில் அந்தக் குடும்பத்துப் பெண்மணி, தேங்காய்ப்பாலில் வாழைக்காயையும் கிழங்கையும் வேகவைத்து, அவித்த மீனோடு பரிமாறும் துலே மாசி என்ற உணவைச் சைகையாலும் ஸ்பானிஷாலும் விளக்கினார். அண்ணி அதைச் சொதி என்றே குறித்துக்கொண்டு, மறுநாள் இஞ்சியும் பச்சை மிளகாயும் சேர்த்துச் செய்வதென முடிவு செய்தார்.

பிப்ரவரி 20

காற்று நேற்றிரவு மணிக்கு இருபத்தைந்து கடல் மைலுக்கு ஏறியது. இரவு இரண்டு மணிக்கு ஒரு வாடகை இரட்டை உடல் படகு, நங்கூரத்தை இழுத்துக்கொண்டு மெல்ல எங்களை நோக்கி வந்தது. அதில் இருந்தவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள், நல்ல உறக்கத்தில் இருந்தார்கள். அண்ணன் விளக்கை அடித்து, சங்கை முழக்கி எழுப்பினார். ஆழத்தைப் போல் மூன்று மடங்கு சங்கிலிகூட விடாமல், அதுவும் மணலில் அல்லாமல் கடற்புல் மீது நங்கூரத்தைப் போட்டிருந்தார்கள். புல்லின் வேர்ப்பரப்பு கொழுவை உள்ளே விடாது. அமைதியான காற்றில் சங்கிலியின் எடை மட்டுமே படகைப் பிடித்திருக்கும். மீண்டும் போட்டுக்கொடுத்துவிட்டுத் திரும்புகையில் மணி நான்கு. இன்று முழுவதும் தூக்கம்.

பிப்ரவரி 21

ஒரு உலு வந்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்த குனாப் படகுக்கு அதுவே பெயர். சிறு பாயும் ஒரு துடுப்பும் இருந்தால் தீவுக்குத் தீவு போய்விடுவார்கள். தாயும் மகளும், நீர் புகாத வாளி நிறைய மோலாத் துணிகளும்.

மோலா என்பது குனாப் பெண்களின் ரவிக்கையில் முன்னும் பின்னும் வைத்துத் தைக்கும் சதுரம். வெவ்வேறு நிறத் துணிகளை அடுக்கி, மேல்துணியை வடிவத்துக்கு ஏற்ப வெட்டித் திறந்து, வெட்டிய ஓரத்தை உள்ளே மடித்து நுண்தையல் போட, அடியிலுள்ள நிறம் கோடாக வெளிப்படும். முற்காலத்தில் உடலில் தீட்டிய கோலங்கள் துணிக்கு வந்தன என்பது பொதுவான விளக்கம். படகில் விரித்தபோது அண்ணி விலை கேட்கும் முன்பே பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். நல்ல மோலாவில் தையல் நூல் துணியின் நிறத்திலேயே மறைந்திருக்க வேண்டும், வளைவுகளில் மூலை தட்டக்கூடாது, இடைவெளிகள் ஒரே அகலத்தில் ஓட வேண்டும். பயணிகளுக்காக அவசரமாகச் செய்தவற்றில் கிளியும் ஆமையும் பெரிதாக இருக்கும். நிரப்பு வேலை இருக்காது. நாங்கள் எடுத்தது கோட்டு வடிவங்களால் மட்டுமே ஆன ஒரு பழைய மோலா, உடுத்திக் கழற்றியது, நிறம் சற்று மங்கியது. நாற்பது டாலர். அதற்குக் கீழே பேரம் பேச அண்ணிக்கு மனம் வரவில்லை. மூன்று மாத வேலை என்று தாய் விரலால் காட்டியதை அவர் நம்பினார், நானும் நம்புகிறேன்.

இருவரும் கைகளிலும் கால்களிலும் மணிச்சரம் இறுகக் கோத்திருந்தனர். தாயின் மூக்கில் பொன் வளையம். அந்த வளையத்துக்காக இந்த மண்ணில் ஒரு போர் நடந்திருக்கிறது. அதைப் பற்றி 25ஆம் தேதிக் குறிப்பில் எழுதுகிறேன்.

பிப்ரவரி 22

பாரின் உட்புறத்தில் காலை முழுவதும் மிதந்தோம். குனாப் பேரவையின் விதிப்படி இங்கே காற்றுக் குடுவை கட்டி முக்குளிப்பது யாருக்கும் அனுமதி இல்லை. இறால் பிடிக்கும் குனா இளைஞர்களும் மூச்சை அடக்கியே இறங்குகிறார்கள். மார்ச் முதல் ஜூன் இறுதி வரை அந்தக் கல் இறாலைப் பிடிக்கவும் விற்கவும் தடை என்பதால், இந்த வாரங்களில் அவர்களுக்கு ஓய்வில்லை. முத்துக்குளித் துறைகளைக் கொண்ட கரையிலிருந்து வந்தவன் என்பதால், ஓர் இளைஞர் பத்து மீட்டருக்குக் கீழே சென்று அவசரமின்றிப் பாறை இடுக்கைப் பார்த்துவிட்டு மேலேறியதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார் முழுவதும் நலமாக இருக்கிறது என்று எழுத முடியாது. மான்கொம்புப் பவளத்தின் இறந்த கிளைகள் பாசி பூசிக் கிடக்கின்றன. 1983இல் பனாமாக் கால்வாயின் கரீபியன் வாயருகே தொடங்கிய ஒரு கொள்ளைநோய், கரீபியன் முழுவதும் கருநிற நீள்முள் கடல் முள்ளெலிகளை ஏறக்குறைய துடைத்துவிட்டது. பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் தந்தவை அவையே. மேய ஆளில்லாமல் போகவே பாசி மூடியது. இன்று ஒரு பொந்தில் சில முள்ளெலிகளைக் கண்டோம். சிங்க மீன்களையும் கண்டோம். அவை இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரியவை. மனிதர் கைவழியே அட்லாண்டிக்குக்கு வந்து, இங்குள்ள குஞ்சு மீன்களைக் கட்டுப்பாடின்றித் தின்கின்றன. அண்ணன் குத்தீட்டியால் இரண்டைப் பிடித்தார். முதுகு முள்ளில் நஞ்சு உண்டு, கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தால் தசை சுத்தமான வெள்ளை. புளிக்குழம்பு வைத்தோம். அந்நிய மீனுக்கு அதற்கு ஏற்ற மரியாதை.

பிப்ரவரி 24, கார்டித் தீவுகள்

காற்று தணிந்ததால் நேற்றே நங்கூரத்தை எடுத்து, முன்பாயை மட்டும் விரித்துத் தென்மேற்கே பெருநிலத்தை ஒட்டிய கார்டிக்கு வந்தோம். இங்கே நீர் கலங்கல், பின்னால் மழைக்காடு ஏறிய மலை, மாலையில் கொசு. குனா மக்கள் பெருநிலத்து ஆற்றின் வாயருகே உள்ள தீவுகளை ஊருக்குத் தேர்ந்தது ஆற்று நீருக்காக. பெருநிலத்திலேயே குடியிருக்காமல் தீவில் இருந்தது கொசுவுக்காகவும் காற்றுக்காகவும் என்கிறார்கள். வாழையும் கிழங்கும் பயிராவது அக்கரையில். காலையில் ஆண்கள் உலுவில் வயலுக்குப் போகிறார்கள்.

கார்டி சுக்டுப் தீவில் கால் வைத்தால் கடல்மட்டம் பாதத்துக்கு எவ்வளவு அருகில் உள்ளது என்பது தெரிகிறது. பெரும்பாலான ஊர்த் தீவுகள் கடலுக்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. 2024 ஜூனில் இந்தத் தீவிலிருந்து ஏறக்குறைய 300 குடும்பங்கள், பெருநிலத்தில் அரசு கட்டிய இஸ்பெர்யாலா என்ற குடியிருப்புக்குப் போயின. எல்லாரும் போகவில்லை. பூட்டிய குடிசைகளுக்கு நடுவே சமையல் புகை எழும் குடிசைகளும் இருக்கின்றன. கடல் ஏறுவது ஒரு காரணம், மக்கள் நெரிசல் மற்றொன்று. இடம் போதாதபோது பவளக் கற்களைப் பெயர்த்துத் தீவின் ஓரத்தை நிரப்பியதால், அலையைத் தடுக்கும் பாரும் குறைந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் போனதற்கு அங்கே சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதைக் காரணமாகச் சொல்வார்கள். இங்கே வெட்டியது வீட்டுக்கு இடம் தேடி. அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 25

இன்று குனாப் புரட்சி நாள். அருகிலுள்ள ஊருக்கு ஊர்த்தலைவரின் அனுமதி பெற்றுப் போனோம். படம் எடுக்க வேண்டாம் என்றார்கள், எடுக்கவில்லை.

1903இல் கொலம்பியாவிலிருந்து பிரிந்த பனாமா, குனா மக்களை நாகரிகப்படுத்துவதாகச் சொல்லித் தீவுகளில் காவலர்களை நிறுத்தியது. மூக்கு வளையத்தையும் மணிச்சரத்தையும் கழற்றச் செய்தார்கள், மோலாவைத் தடுத்தார்கள், தோப்புகளிலும் மீன்பிடியிலும் வெளியாருக்கு இடம் கொடுத்தார்கள். 1925 பிப்ரவரி இறுதியில், திருவிழாக் காலத்தில், நெலே கந்துலே, சிம்ரால் கோல்மன் ஆகிய தலைவர்களின் வழிகாட்டலில் தீவுகள் ஒரே நேரத்தில் எழுந்தன. மார்ச் 4இல் கிளீவ்லண்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் உடன்பாடு கையெழுத்தானது. 1938இல் தனிப் பகுதியாகவும், 1953இல் சட்டப்படி தன்னாட்சி உரிமையோடும் இந்நிலம் ஏற்கப்பட்டது. அன்று எழுப்பிய கொடியின் நடுவில் ஸ்வஸ்திகம் இருக்கிறது; குனா மரபில் அது உலகைப் படைத்த ஆக்டோபஸைக் குறிக்கும் என்று கேட்டோம். ஐரோப்பியப் பயணிகள் அதைக் கண்டு திடுக்கிடுவதையும், குனா முதியவர்கள் அலுப்போடு விளக்குவதையும் பார்த்தோம்.

காலையில் சிறுவர்கள் காவலர் வேடமிட்டவர்களைத் தீவு முழுவதும் துரத்தினார்கள். மாலையில் பேரவைக் குடிலில், தலைவர் ஊஞ்சல் கட்டிலில் சாய்ந்தபடி நீண்ட இழைப்பில் பாட, அருகில் அமர்ந்த விளக்குநர் ஒருவர் அதன் பொருளைப் பேச்சாக எடுத்துச் சொன்னார். மொழி தெரியாத எங்களுக்கு எங்கே பாட்டு முடிகிறது என்பதைப் பின்வரிசையில் மோலா தைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலை நிமிர்வதிலிருந்தே கணிக்க முடிந்தது. கட்டணமும் அனுமதியும் கேட்கும் இந்தப் பேரவையைப் பற்றி வானொலியில் சில படகோட்டிகள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் குடிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் கட்டணம் குறைவு என்றே தோன்றும்.

பிப்ரவரி 26

படகுத்துறையில் கொலம்பிய வணிகப் படகு ஒன்று தேங்காய் ஏற்றுகிறது. இருவர் எண்ண, ஒருவர் நோட்டில் குறிக்கிறார். அதே படகில் வெங்காயமும் அரிசியும் கிடைத்தன. குடிநீர்க் கருவியை இந்தக் கலங்கல் நீரில் ஓட்டினால் வடிகட்டி அடைத்துவிடும். தொட்டியில் மூன்று நாளைக்கே நீர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காற்று பதினைந்து கடல் மைலுக்கு இறங்கும் என்று முன்னறிவிப்பு சொல்வதால், அன்று காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, வெயில் தலைக்கு மேல் இருக்கும்போதே கோகோ பந்தேரோஸ் தீவுகளுக்குள் நுழைவதென முடிவு. அங்கே மணல் நன்றாகப் பிடிக்கும் என்று கனடாத் தம்பதி வானொலியில் சொன்னார்கள். அவர்களின் குளிர்பெட்டி இன்னும் சரியாகவில்லையாம். அண்ணன் கருவிப்பெட்டியோடு அங்கே போக வேண்டியிருக்கும்.